பன்னிரண்டு அட்டையும் ஒரு பெயரும்

ஸஜ்ஜாத் கங்காணியின் கைபேசி வயிறு திறந்தபடி ஹஸ்மியின் மேசையில் கிடந்தது. சார்ஜ் ஏறும் வாய் போய்விட்டது. முதுகில் கே-70 என்று பொறித்த பழைய போன். ஊரில் வேறு எவரிடமும் இந்த மொடல் இல்லாததால் உதிரிப்பாகம் தேடியே ஹஸ்மிக்கு இரண்டு நாள் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஓர்ஸ் ஹில் தெரு அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்தது.

"கலீல் சேர் இஞ்ச இருப்பாரெண்டு சொன்னவை" என்றபடி ஒரு பெண் கடை வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும். இரண்டு நாள் நித்திரை இல்லாத கண்.

"இருப்பார். வேற எங்க போக? என்ர அக்கா பகலில வீட்டுக்குள்ள விடுறாவில்ல" என்று ஹஸ்மி மூலையைக் காட்டினான்.

மூலைக் கதிரையில் கலீலுர் றஹ்மான் புண்ணுக்குத் துணி சுற்றிய காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தார். சீனி வருத்தம். பத்து வருடம் இறங்குதுறையில் மூட்டை தூக்கியவர். இரவுப் படிப்புப் படித்து அதன்பின் இருபது வருடம் கணினிச் சேர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். இளைப்பாறிய பிறகு, மெசின் பொய் சொல்கிறதா மனிசன் பொய் சொல்கிறானா என்று தெரியாத இடத்துக்கெல்லாம் ஆட்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். அவருக்கு அது பெருமையாக இருந்த காலம் முடிந்துவிட்டது. ஹஸ்மிக்கு முடியவில்லை. மச்சானின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிற நாளெல்லாம் அவனுக்குப் பெருநாள்.

வந்தவள் பெயர் கஜந்தி. அன்புவழிபுரம். உள்துறைமுகப் பக்கமிருக்கும் ஒரு தனியார் இறங்குதுறையில், மூட்டை தூக்குவோர் சங்கத்தின் கந்தோரில் வேலை. சங்கத்தின் பெயர்ப்பதிவுச் செயலியை எழுதியவளும் அவள்தான்.

"ஸெய்னுதீன் காக்கா விழுந்தது தெரியும்தானே?"

தெரியாதவர் யார்? சனிக்கிழமை, பசளை உரம் ஏற்றிவந்த கப்பலில் நாலாம் கேங் ஆட்களோடு வேலை செய்கையில், ஐம்பது கிலோ மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"அவருக்குப் பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் எழுதினது. செயலியில நான்தான் குறி போட்டனான். குறி இருந்தா கப்பல் பட்டியலில பேர் ஏறாது. வெள்ளிக்கிழமை ஆரோ அந்தக் குறியை எடுத்திருக்கினம். நான் பழைய பதிவுகளைத் துப்புரவாக்கேக்க கவனமில்லாம அழிச்சுப்போட்டு ஒளிக்கிறனெண்டு இராசதுரை சேர் சொல்லுறார். அவர்தான் செயலாளர். இண்டைக்கு மூண்டு மணிக்குச் செயற்குழு. பிறகு பொலிசுக்கு முறைப்பாட்டுக் கடிதம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அந்தக் கடிதத்தை என்னட்டத்தான் தட்டச்சு செய்யத் தந்தவர். தட்டிக் குடுத்திட்டுத்தான் வந்தனான்."

கலீல் காலைக் கீழே இறக்கினார். "பதிவு என்ன சொல்லுது?"

"அதுதான் சேர் கரைச்சல். செயலி ஒவ்வொண்டையும் லொக்கில, தன்ர பதிவேட்டில, எழுதும். குறியை எடுத்தது 'கந்தோர்' கணக்கு. நேரம் வெள்ளி பன்னிரண்டு நாப்பத்தொண்டு. வந்த இடம் 127.0.0.1. அது ஒரு மெசின் தன்னைத்தானே சொல்லுற இலக்கம். அந்த மெசின் என்ர மேசைக்குக் கீழதான் இருக்கு."

"அந்த நேரம் நீங்க எங்க?"

"என்ர மேசையில. சோறு சாப்பிட்டுக்கொண்டு. மற்ற ஆக்கள் ஜும்மாவுக்கும் சாப்பாட்டுக்கும் போயிட்டினம்."

"உள்ளுக்கு வேற ஆரும்?"

"ஒருத்தரும் வரேல்ல."

இந்தப் பிள்ளை தன் குழியைத் தானே வெட்டுதே என்று ஹஸ்மி வாய்க்குள் முனகினான்.

"பாஸ்வேட்?"

"போன புதன்கிழமைதான் இராசதுரை சேர் மாத்தினவர். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் என்ர அம்மாவுக்கும் சொல்லேல்ல."

"மெசின் எப்ப வந்தது?"

"இந்த மாசம் மூண்டாந் திகதி. முந்தி பழைய கொம்பியூட்டரில பைதன் செயலி நேரா வெளியாலத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. பாதுகாப்பில்ல. புதுசுக்கு மாத்தேக்க, முன்னால ஒரு புரொக்ஸி சேர்வரை நிப்பாட்டினனான். இப்ப வெளியில இருந்து வாறதெல்லாம் முதல் அதிட்ட வரும். அதுதான் உள்ளுக்குச் செயலியிட்டக் குடுக்கும். காணொளி பாத்துத்தான் செய்தனான், நல்லாத்தான் ஓடுது." சற்று நிறுத்தினாள். "சேர், நான் எழுதின லொக் பொய் சொல்லாது. ஆனா நான் செய்யேல்ல."

கலீல் எழுந்தார். எழும்போது முட்டியும் கதிரையும் ஒன்றாகக் கத்தின. "ஹஸ்மி, கடையைப் பூட்டு."

*

இறங்குதுறை வாசலில் பக்கீர் இருந்தார். பதினெட்டு வருடமாக அந்த வாசலில் இருப்பவர். தகரக் கூரையின் கீழ் அவருடைய மேசையில் இரண்டு கொப்பிகள்: ஒன்று ஆட்கள் வரவுக்கு, மற்றது பின்னால் ஆணியில் தொங்கும் கதவுத் திறப்புகளுக்கு.

அவர்களுக்கு முன்னால் நாலாம் கேங் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கங்காணி ஸஜ்ஜாத் பன்னிரண்டு அடையாள அட்டைகளையும் இறப்பர் வளையம் போட்டு ஒரே கட்டாக மேசையில் வைத்தான். பக்கீர் கட்டைத் தட்டி எண்ணினார், 'ஸஜ்ஜாத், 12 பேர்' என்று எழுதினார், கட்டைத் திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு முதுகுகள் உள்ளே போயின. ஒரு முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன் சரியா காக்கா?" என்று ஸஜ்ஜாத் ஹஸ்மியைக் கேட்டான். நாற்பது வயது, தோளில் மூட்டை அழுத்திய கறுப்புத் தழும்பு.

"இன்னும் இல்லடா. பின்னேரம் பாப்பம்."

கலீல் மேசையில் கையூன்றி நின்றார். "பக்கீர், உள்ள போன பன்னிரண்டு பேரும் ஆரெண்டு உங்கட கொப்பியில தெரியுமா?"

"கங்காணி பேர் இருந்தாப் போதும். மற்றது அவன்ர சின்னக் கொப்பியில இருக்கும். பன்னிரண்டு பேரையும் நான் தனித்தனியா எழுத வெளிக்கிட்டா கப்பல் திரும்பிக் கொழும்புக்குப் போயிடும்."

"பதினொண்டு வந்தா?"

"வாசலோட திருப்பிப்போடுவன். ஒரு ஆள் குறைஞ்சாலும் வரிசை அடுத்த கேங்குக்கு. அதுதான் சட்டம். பதினொரு பேரும் வெறுங்கையோட வீட்ட போக வேண்டியதுதான்."

கலீல் திறப்புக் கொப்பியைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை: கந்தோர்த் திறப்பு, கஜந்தி ஒப்படைத்தது மாலை 4.45. அடுத்த நாள் காலை ஏழு மணிவரை அதை வேறு யாரும் எடுக்கவில்லை. ஹஸ்மியும் எட்டிப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பத்தொன்றில் நடந்ததற்கு நாலே முக்கால் திறப்பு என்னத்துக்கு என்று அவனுக்கு விளங்கவில்லை.

கந்தோரில் இராசதுரை கதிரையை விட்டு எழும்பவில்லை. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பொக்கெற்றில் இரண்டு பேனை. "நீங்கள் பாருங்கோ, வடிவாப் பாருங்கோ. மெசினே சொல்லுது. மெசினுக்கும் எனக்கும் கோபமில்ல, இந்தப் பிள்ளையோடயும் கோபமில்ல."

"நீங்க வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்குப் போனீங்க?"

"ஜும்மா நேரம் எல்லாரும் போகேக்க. அதுக்குப் பிறகு வரேல்ல, தங்கச்சியிட மகளுக்குக் கலியாண எழுத்து. நூறு பேர் சாட்சி."

கலீல் கஜந்தியின் கதிரையில் அமர்ந்தார். "சனிக்கிழமை காலமை நாலாம் கேங் பேர் குடுத்த வரியைக் காட்டுங்க." அவள் காட்டினாள். ஸஜ்ஜாத்தின் கணக்கு, நேரம் 00.35, இடம் 127.0.0.1.

ஹஸ்மி சிரித்தான். "நடுச்சாமம் பன்னிரண்டரைக்கு எழும்பிப் பேர் குடுக்கிறானா? அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்லையா?"

"கேங் காலமை ஆறு மணிக்குத்தான் பேர் குடுக்கும்" என்றாள் கஜந்தி. வரியைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "நான் அந்த ஒரு வரியை மட்டும்தான் பாத்தனான், சேர். மற்றதைப் பாக்கேல்ல."

"ஒரு வரியை மட்டும் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்" என்றார் கலீல். பிறகு ஹஸ்மியின் பக்கம் திரும்பினார். "நீ வாசலுக்குப் போ. ஒரு தேத்தண்ணி குடி. உன்ர போனில இந்தச் செயலியின்ர முதல் பக்கத்தை ஒருக்காத் திற. திறந்த நேரத்தை உன்ர மணிக்கூட்டைப் பாத்து எழுதிக்கொண்டு வா."

"இதுக்கா என்னைக் கூட்டி வந்தீங்க?"

"இதுக்குத்தான்."

வாசல் கடையில் சீனி கூடின தேத்தண்ணி. ஹஸ்மி பக்கத்தைத் திறந்தான், பதினொன்று ஐம்பத்திரண்டு என்று உள்ளங்கையில் எழுதினான், வெயிலைத் திட்டிக்கொண்டு திரும்பினான். வரும் வழியெல்லாம் மூளை ஓடியது. உள்ளே வந்ததும் மச்சானின் காதுக்குள் கொட்டினான்: இராசதுரை யன்னலால் வந்திருக்கலாம். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் யாரோ உள்ளே புகுந்திருப்பான். "ஆனா ஸஜ்ஜாத் இல்ல. பன்னிரண்டே முக்காலுக்கு அவன் பள்ளியில ஜும்மாவுக்கு எனக்குப் பக்கத்தில நிண்டவன். போகேக்க என்ர செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன், அவன்ர அறுந்ததை நான் போட்டுக்கொண்டு வந்தனான். மறக்க ஏலுமா?"

"நான் ஸஜ்ஜாத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லயே" என்றார் கலீல். குரலில் களைப்புத்தான் இருந்தது. அவர் வேறு ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தார். திரையில் இலக்கங்கள் மழைக்கு முந்திய எறும்பு மாதிரி ஊர்ந்தன. நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் மேட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, "மூண்டு மணிக்கு நாலாம் கேங் கங்காணியையும் வரச் சொல்லுங்க" என்றார்.

*

செயற்குழு என்பது மூன்று வயதானவர்கள். மூவரும் மூட்டை தூக்கியவர்கள், மூவருக்கும் முதுகு நிமிராது. இராசதுரை மேசையின் தலைமாட்டில். முறைப்பாட்டுக் கடிதம் அவர் முன்னால், கையொப்பத்துக்காக. கஜந்தி சுவரோரம் நின்றாள். ஸஜ்ஜாத் கதவோரம் தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் பசளைத் தூள்.

"ஹஸ்மி, உள்ளங்கையைக் காட்டு" என்றார் கலீல்.

"பதினொண்டு ஐம்பத்திரண்டு."

"எங்க நிண்டு திறந்தனி?"

"வாசலில. தேத்தண்ணிக் கடையில."

கலீல் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "செயலியின்ர லொக்கில இவன் வந்தது இப்படி விழுந்திருக்கு. நேரம் ஆறு இருபத்திரண்டு. இடம் 127.0.0.1."

ஹஸ்மி வாயைத் திறந்தபடி நின்றான். "நான் மெசினுக்குள்ளயா இருந்தனான்?"

"நீ மட்டுமில்ல. மூண்டாந் திகதிக்குப் பிறகு வந்த எல்லாரும், மூதூரில இருந்து வந்தவனும், கிண்ணியாவில இருந்து வந்தவனும், எல்லாரும் இந்த மேசைக்குக் கீழ இருந்துதான் வந்திருக்கினம். பக்கீரின்ர கொப்பியை நினைச்சுப் பாருங்க. பன்னிரண்டு பேர் உள்ள போகினம். கொப்பியில கங்காணி பேர் மட்டும். இந்தப் பிள்ளை செயலிக்கு முன்னால புரொக்ஸியை நிப்பாட்டினா. அது கங்காணி. வெளியில வாறவனெல்லாம் அதிட்ட அட்டையைக் குடுக்கிறான், அது கட்டா உள்ள குடுக்குது. செயலிக்கு முன்னால நிண்ட முகம் ஒண்டுதான் தெரியும், கங்காணியின்ர முகம். கங்காணி இதே மெசினில இருக்கிறதால 127.0.0.1. உள்ள குடுக்கேக்க வந்தவனிட விலாசத்தையும் சேத்துக் குடு எண்டு ரெண்டு வரி எழுதவேணும். செயலிக்கும் அதைக் கேட்டு எழுது எண்டு சொல்லவேணும். அது விடுபட்டுப் போச்சு. ஆயிரம் பேர் விடுற பிழை."

கஜந்தி கண்ணை மூடித் திறந்தாள்.

"நேரம்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"புது மெசினின்ர மணிக்கூட்டை ஒருத்தரும் இலங்கை நேரத்துக்குத் திருப்பேல்ல. அது உலகப் பொது நேரத்தில ஓடுது, எங்களுக்கு அஞ்சரை மணித்தியாலம் பின்னால. ஹஸ்மியின்ர பதினொண்டு ஐம்பத்திரண்டு அங்க ஆறு இருபத்திரண்டு. காலமை ஆறு அஞ்சுக்குக் கேங் குடுத்த பேர் நடுச்சாமம் பன்னிரண்டு முப்பத்தஞ்சு. அப்ப வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாப்பத்தொண்டு?"

ஹஸ்மி விரல் மடித்தான். "பின்னேரம் ஆறு பதினொண்டு!"

"கந்தோர்த் திறப்பு நாலே முக்காலுக்கே பக்கீரின்ர மேசைக்கு வந்திட்டு. காலமை வரைக்கும் அங்கதான். இந்த அறையில ஒருத்தரும் இல்ல. ஜும்மாவில ஆர் நிண்டது, சோறு ஆர் சாப்பிட்டது எண்ட கதை ஒண்டுக்கும் உதவாது."

இராசதுரை தொண்டையைச் செருமினார். "அப்ப ஆர்? மெசினுக்கே தெரியாதெண்டா முடிஞ்சுதே."

"கங்காணிக்கு ஒரு சின்னக் கொப்பி இருக்கும், சேர். புரொக்ஸியும் தனக்கெண்டு ஒரு லொக் வைக்கும். வந்தவனிட உண்மையான விலாசம், அவன் கேட்ட பக்கம், கையில இருந்த போன்." கலீல் ஒரு வரியில் விரலை வைத்தார். "அதே நாள், அதே செக்கன். ஸெய்னுதீனிட பக்கம். போன் மொடல் கே-70. அதுக்கு ரெண்டு நிமிசத்துக்கு முன்னால அதே விலாசம், அதே போன், நாலாம் கேங்கின்ர பட்டியலைத் திறந்து பாத்திருக்கு. பதினொரு பேர்."

கே-70. ஹஸ்மிக்கு உச்சந்தலையில் ஏதோ தட்டியது. இரண்டு நாளாகத் தன் மேசையில் வயிறு திறந்து கிடந்தது அந்தச் சாமான். அவன் ஸஜ்ஜாத்தைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

ஸஜ்ஜாத் துணியை மடித்துத் தோளில் போட்டான். "ஓம். நான்தான்."

வெளியே பாரந்தூக்கி கிறீச்சிட்டு நின்றது.

"வெள்ளி பின்னேரம் மஃரிபுத் தொழுகைக்கு முந்தி ஸெய்னுதீன் காக்கா என்ர வாசலுக்கு வந்தார். எனக்குக் கேங்கில ஒரு ஆள் குறை. அவருக்கு ரெண்டு மாசமா ஒரு கப்பலுமில்ல. குறி போட்ட மனிசனுக்கு வேற வேலை ஆர் குடுத்தது? இலேசான வேலை எண்டு எழுதி வைச்சிருக்கிறீங்க, எங்க இருக்கு அந்த வேலை? ஒரு நாள் மட்டும் தம்பி, பலகையில ஏற மாட்டன், கீழ நிண்டு மூட்டையைத் தள்ளி விடுறன் எண்டார். நான் குறியை எடுத்தன். மத்தியானம் ஒருத்தன் களைச்சு இருந்திட்டான். அந்த மனிசன் சொல்லாமக் கொள்ளாமப் பலகையில ஏறிட்டார்."

"இந்தப் பிள்ளையில பழி விழுந்தது தெரியும்தானே?"

"தெரியும். ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தனான். வாசல் வரைக்கும் வந்தனான். என்னை நிப்பாட்டினா பதினொரு வீட்டுக்கும் கப்பல் இல்ல." அவன் கஜந்தியின் பக்கம் பார்க்கவில்லை.

"சரி" என்றார் கலீல். "இன்னும் ஒண்டு இருக்கு. புதன்கிழமை மாத்தின பாஸ்வேட் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளை குடுத்திருந்தா, இண்டைக்குக் காலமை என்னட்ட வந்து 'ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்' எண்டு தன்ர கழுத்துக்குத் தானே கயிறு போட்டிருக்க மாட்டா. மூண்டாவது ஆளின்ர பேரைச் சொல்லித் தப்பியிருப்பா. மிச்சம் ஒராள்."

எல்லாக் கண்ணும் தலைமாட்டுக்குப் போயின. இராசதுரையின் விரல்கள் முறைப்பாட்டுக் கடிதத்தின் மூலையைச் சுருட்டின.

"எழுத்து நடக்குது, மேளம் அடிக்குது. இவன் போன் எடுக்கிறான், ஆள் குறை எண்டு. ஆறு மணிக்கு நான் எங்க கந்தோருக்கு ஓட? பாஸ்வேட்டைச் சொல்லி, பாத்துச் செய் எண்டன். கங்காணிக்குப் பாஸ்வேட் குடுத்தது பெரிய குற்றமா?"

"குடுத்ததைக் கேக்கேல்ல, சேர். இந்தப் பிள்ளையிட்டக் கடிதத்தைத் தட்டச்சுக்குக் குடுத்ததைக் கேக்கிறன்."

குழுவில் மூத்தவர் கையை நீட்டிக் கடிதத்தை இழுத்தார். இரண்டாகக் கிழித்தார். "புதுசா ஒண்டு எழுதவேணும். நடந்தது நடந்தபடி. இந்தமுறை நீயே தட்டு, இராசதுரை."

*

குழு கலைந்த பிறகு இராசதுரை கஜந்தியின் மேசைக்கு வந்தார். அரை மணித்தியாலத்தில் மனிதர் பத்து வயது கூடியிருந்தார்.

"பிள்ளை. உன்ர பேர் துப்புரவாப் போச்சு. அந்த மற்ற லொக்கை மட்டும் அழிச்சுப்போட ஏலாதா? எனக்காக இல்ல. ஸஜ்ஜாத்துக்கு மூண்டு பிள்ளையள். மெசின் பிழை எண்டு எழுதிவிடலாம். ஸெய்னுதீனுக்கும் அதுதான் நல்லது, தானாக் கேட்டுப் போனவரெண்டா நட்டஈடு தர மாட்டாங்கள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஹஸ்மி மச்சானைப் பார்த்தான். மச்சான் துணி சுற்றிய காலைப் பார்த்தபடி இருந்தார். இந்த மாதிரி முடிவுகளுக்கு அவர் வாயைக் கொடுப்பதில்லை என்று ஹஸ்மிக்குத் தெரியும்.

கஜந்தி திரையில் அந்த மற்ற லொக்கைத் திறந்தாள்.

"ஏலாது, சேர். அதை அழிச்சா மிச்சம் இருக்கிறது செயலியின்ர லொக். அதில இருக்கிறது என்ர மேசை." பிறகு மெதுவாக, "ஸெய்னுதீன் காக்காவுக்கு வேலை குடுக்காம வைச்சிருந்த ரெண்டு மாசமும் செயலியின்ர பழைய லொக்கில கிடக்கு. அதையும் சேத்து எழுதுங்கோ. நட்டஈட்டுக்கு உதவும்" என்றாள்.

அவர் போனதும் விசைப்பலகையை இழுத்து வைத்தாள். புரொக்ஸிக்கு இரண்டு வரி. செயலிக்கு ஒரு வரி. மணிக்கூட்டைத் திருப்பினாள். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி கிளப்பினாள்.

"காக்கா, கோவிக்காதீங்கோ. இன்னொருக்கா வாசலுக்குப் போய் அந்தப் பக்கத்தை அமத்துவீங்களா?"

ஹஸ்மி போனான். நாலு இருபது. வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. நாலரைக் கப்பலுக்குக் கேங்குகள் வாசலில் கூடியிருந்தன. ஸஜ்ஜாத் பக்கீரின் மேசையில் அட்டைக் கட்டை வைத்தான். காலையில் பன்னிரண்டாவதாகக் கடன் வந்த ஆள் தன் கேங்குக்கே திரும்பிவிட்டான். பக்கீர் கட்டைத் தட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். கட்டைத் திருப்பித் தள்ளினார். பதினொரு பேரும் சுவர் நிழலில் போய்க் குந்தினார்கள்.

ஹஸ்மி அவர்களைப் பார்க்காமல் போனை எடுத்தான்.

"என்ன காக்கா அமத்துறீங்க?" என்று ஸஜ்ஜாத் கேட்டான்.

"என்ர பேர் சரியா விழுதா எண்டு பாக்கிறன்."

ஸஜ்ஜாத் அட்டைகளை இறப்பர் வளையத்துக்குள் செருகிக்கொண்டே உள்ளே கந்தோர்ப் பக்கம் பார்த்தான்.

"விழும்" என்றான். "இனி எல்லாற்ற பேரும் விழும்."